மார்கழியில் மூன்று நாள்: ஆமத்தூரிலிருந்து சென்னைக் கச்சேரிகளுக்கு ஒரு வழிகாட்டி

மார்கழி பிறந்தால் சென்னையில் மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, தியாகராய நகர் என்று சபாவுக்குச் சபா கச்சேரிதான். மியூசிக் அகாடமி விழா டிசம்பர் 15இல் தொடங்கி ஜனவரி 1 வரை நடக்கிறது. மற்ற சபாக்களில் சில அதற்கு முன்பே தொடங்கிவிடும், சில பொங்கலைத் தொடும். முதல்முறை போகிறவர்கள் பலர் ஒரு நாளைக்கு நாலு கச்சேரி என்று ஓடி, கடைசியில் எதுவும் மனதில் நிற்காமல் திரும்புகிறார்கள்.

நான் சொல்வது வேறு வழி. உங்களுக்குப் பிடித்த ஒரே பாடகரை மூன்று நாளில் இரண்டு மேடைகளில் கேளுங்கள். கர்நாடக சங்கீதத்தில் ஆலாபனை, நிரவல், கற்பனை ஸ்வரம், தானம் எல்லாம் மேடையிலேயே பிறப்பவை. வெள்ளிக்கிழமை பாடிய கல்யாணி ராகம் ஞாயிற்றுக்கிழமை அப்படியே திரும்பி வராது. நாதஸ்வர வித்வான் டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடி ராகத்துக்காக ஒருகாலத்தில் ரசிகர்கள் ஊர் ஊராகப் போனதும் அதனால்தான். அமெரிக்காவில் 1965இல் தொடங்கிய கிரேட்ஃபுல் டெட் என்ற ராக் இசைக் குழுவை ஆயிரக்கணக்கானோர் நகரம் நகரமாகப் பின்தொடர்ந்ததற்கும் காரணம் இதுவே. வித்தியாசம் காதில் விழுந்துவிட்டால் சங்கீதம் உங்களை விடாது.

1. முதலில் ரயில், பிறகு பாடகர்

ரயில் முன்பதிவு 60 நாள் முன்பு திறக்கிறது. டிசம்பர் மூன்றாம் வாரத்துப் பயணத்துக்கு அக்டோபர் பிற்பகுதியிலேயே பதிவு செய்ய வேண்டும். நம் பக்கத்தில் அது தீபாவளிப் பட்டாசுச் சரக்கு லோடு ஏறும் பரபரப்பான நேரம், மறந்துபோகும். செல்போனில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரிப் பட்டியல் பெரும்பாலும் நவம்பரில்தான் வெளிவரும். அதற்காகக் காத்திருந்தால் சீட் போய்விடும். திரும்பும் டிக்கெட்டையும் அதற்கான முன்பதிவு திறக்கும் நாளிலேயே எடுத்துவிடுங்கள்.

ஆமத்தூரிலிருந்து விருதுநகர் பஸ் ஏறினால் போதும், விருதுநகர் சந்திப்பில் ரயில்களுக்குக் குறைவில்லை. வெள்ளிக்கிழமை ஒரு நாள் லீவு கிடைக்குமானால் திருநெல்வேலி–சென்னை வந்தே பாரத் நல்லது. காலையில் ஏறினால் பிற்பகலில் சென்னை, அன்று மாலையே முதல் கச்சேரி. அதில் இடம் கிடைக்காவிட்டால் வியாழன் இரவு பொதிகை, நெல்லை, முத்துநகர் ஆகிய மூன்றில் ஒன்று. பொதிகை சிவகாசியிலும் நிற்கும். சில ரயில்கள் எழும்பூருக்குப் பதில் தாம்பரத்தோடு நிற்பதுண்டு, டிக்கெட்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் நேரத்தில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். நம் ஊர் வழியாகப் போகும் இரவு ரயில்கள் பெரும்பாலும் ஏழரையிலிருந்து ஒன்பதுக்குள் கிளம்பிவிடும். முக்கியக் கச்சேரியும் அந்த நேரத்தில்தான். ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்கு நாலு மணிக் கச்சேரியாகப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மாலைக் கச்சேரியை விட மனமில்லை என்றால், அது முடிந்தபின் கிளாம்பாக்கம் போய்த் தென்மாவட்டப் பஸ்ஸைப் பிடிக்கலாம். கிளாம்பாக்கம் நகரத்துக்கு வெளியே, வண்டலூர் பக்கம். அங்கே போய்ச்சேரவே ஒன்றரை மணி நேரமாவது வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஸ்ஸில் வேலை பார்ப்பவர்கள் லீவை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். காலண்டர், டைரி ஆர்டர்கள் குவியும் மாதம் அது.

2. எதை எடுத்துப் போவது, எதை எடுக்கக் கூடாது

சென்னை உறவினர்கள் "புத்தாண்டுக்கு நாலு பெட்டி பட்டாசு கொண்டு வாயேன்" என்று கேட்பார்கள். எவ்வளவு நெருங்கிய சொந்தமானாலும் மறுத்துவிடுங்கள். ரயிலில் வெடிபொருள் கொண்டுபோவது ரயில்வே சட்டம் 164ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தண்டனையைவிடப் பெரியது பெட்டியில் இருக்கும் மற்றவர்களின் உயிர். வெடியின் ஆபத்து நம்மைவிட யாருக்குத் தெரியும்? சாத்தூர் சேவும் ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவும் கொடுங்கள், சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள்.

ஒரு சின்ன நோட்டு, பேனா, ஒரு சால்வை போதும். ஏசி அரங்கில் மூன்று மணி நேரம் குளிரும்.

3. தங்குவது

திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் தனியாக வரும் ஆண்களுக்குக் குறைந்த வாடகையில் அறை கிடைக்கும். அங்கிருந்து மயிலாப்பூரும் அகாடமியும் பக்கம். குடும்பத்தோடு வருபவர்கள் எழும்பூரில் லாட்ஜ் பார்க்கலாம். மாம்பலத்துக்கு அங்கிருந்து மின்சார ரயில் உண்டு, தியாகராய நகர் சபாக்களுக்கு அது வசதி.

4. பாடகரையும் மேடையையும் தேர்ந்தெடுப்பது

பட்டியல் வந்ததும், ரஞ்சனி–காயத்ரியோ வேறு யாரோ, உங்களுக்குப் பிடித்தவர் அந்த மூன்று நாளில் எங்கெங்கே பாடுகிறார் என்று குறியுங்கள். இரண்டு கச்சேரி கிடைத்தால் அதுவே உங்கள் முதுகெலும்பு. கிடைக்காவிட்டால் அதே கணக்கில் வேறொருவரைப் பாருங்கள். பக்கவாத்தியம் வேறுவேறாக இருந்தால் இன்னும் நல்லது. வயலின்காரர் மாறினால் பாடகர் போகும் பாதையே மாறும்.

மீதி நேரத்துக்கு மதியக் கச்சேரி ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். பல சபாக்களில் மதியம் பாடும் இளைஞர்களைக் கேட்க டிக்கெட் வேண்டாம். மியூசிக் அகாடமியும் நாரத கான சபாவும் ஒரே டி.டி.கே. சாலையில் இருக்கின்றன, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு நடந்தே போகலாம். மாலை டிக்கெட் ஆன்லைனில் தீர்ந்துவிட்டால் மனம் தளர வேண்டாம். அன்றைய டிக்கெட்டைக் கவுன்டரில் தருகிறார்களா என்று சபாவிலேயே காலையில் போய்க் கேளுங்கள்.

5. காதைத் தயார்செய்வது

புறப்படுவதற்கு முந்தைய ஒரு மாதம் இரண்டே ராகம் கேளுங்கள்: மோகனம், கல்யாணி. மோகனத்துக்கு 'நின்னுக்கோரி' வர்ணம் போதும். அதை இயற்றிய பூச்சி சீனிவாச ஐயங்கார் பக்கத்து ராமநாதபுரத்துக்காரர். இன்றைய கச்சேரி வடிவத்தை நிலைநிறுத்திய அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் அவருடைய சீடர்.

ஆதி தாளம் போடப் பழகுங்கள். வலது கையால் தொடையில் ஒரு தட்டு. பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல் என்று மூன்று எண்ணிக்கை. பிறகு தட்டு, திருப்பு. மறுபடி தட்டு, திருப்பு. மொத்தம் எட்டு. பஸ்ஸில் போகும்போது பாட்டுக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வாரத்தில் கை பிடித்துக்கொள்ளும்.

6. அரங்கில்

கால் மணி நேரம் முன்பே உட்காருங்கள். தாமதமானால் ஒரு பாட்டு முடிந்தபின் உள்ளே போங்கள். செல்போனை அணைத்துவிடுங்கள். கிரேட்ஃபுல் டெட் 1984இல் ஒலிப்பதிவு செய்யும் ரசிகர்களுக்குத் தனி இடமே ஒதுக்கியது. ஆனால் நம் சபாக்களில் பதிவு செய்யக் கூடாது. நோட்டுதான் துணை.

நோட்டில் நான்கு பத்தி போடுங்கள்: பாட்டு, ராகம், தாளம், என்ன நடந்தது. ராகம் தெரியாவிட்டால் இடம் விட்டுவிட்டுப் பக்கத்து இருக்கைக்காரரிடம் மெதுவாகக் கேளுங்கள், பெரும்பாலும் ஆசையாகச் சொல்வார்கள். நான்காம் பத்திதான் முக்கியம். ஆலாபனையில் எந்த ஸ்வரத்தில் அதிக நேரம் நின்றார், வயலின் அதை அப்படியே வாங்கியதா, வேறு வழியில் போனதா? நிரவலில் ஒரே வரி எத்தனை வடிவம் எடுத்தது? இரண்டாம் கச்சேரியில் இந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டால், அதே மனிதர் இன்று எங்கே துணிந்தார், எங்கே அடங்கினார் என்பது தெரியும்.

தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து போகாதீர்கள். கேன்டீனுக்குக் கூட்டம் ஓடும் நேரம் அது. மிருதங்கமும் கடமும் மாறிமாறி வாசித்து, இடைவெளியைக் குறைத்துக்கொண்டே வந்து, சேர்ந்து மோரா, கோர்வை என்ற நிறைவு லயக் கோவைகளை வாசிப்பார்கள். கோர்வை மூன்று முறை வரும். கையில் தாளம் போட்டுக்கொண்டே இருங்கள். மூன்றாவது முறை முடிந்து பாடகர் பல்லவியை எடுக்கும் இடம் உங்கள் விரலிலேயே வந்து விழும். அந்த ஒரு நொடிக்காகவே இவ்வளவு தூரம் வரலாம்.

7. சாப்பாடும் ஓய்வும்

சபா கேன்டீன் வாழையிலைச் சாப்பாடு கட்டாயம் ஒருமுறை. ஆனால் மதியம் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு நாலு மணிக் கச்சேரியில் உட்கார்ந்தால் தூக்கம் வரும், அளவாகச் சாப்பிடுங்கள். ஒரு நாள் விடியலில் மயிலாப்பூர் மாடவீதிக்குப் போங்கள். பாபநாசம் சிவன் முன்னின்று நடத்திய மார்கழி பஜனை மரபு அங்கே இன்னும் இருக்கிறது.

8. திரும்பிய பிறகு

ஊர் வந்ததும் நோட்டைப் பிரித்து, நான்காம் பத்தியில் அதிகம் எழுதிய ராகம் எது என்று பாருங்கள். அடுத்த ஆறு மாதத்துக்கு அதுதான் உங்கள் பாடம். வெவ்வேறு பாடகர்கள் அதைப் பாடியதைத் தேடிக் கேளுங்கள்.

சங்கீதம் சென்னையில் மட்டும் இல்லை. முத்துசுவாமி தீட்சிதர் 1835இல் ஒரு தீபாவளி நாளில் மறைந்தது எட்டயபுரத்தில். அவர் சமாதியும் அங்கேதான். கோவில்பட்டி வரை போய் அங்கிருந்து பஸ் ஏறினால் காலையில் கிளம்பி மாலையில் திரும்பிவிடலாம். நம் பட்டறைகளில் வேலை ஓயும் தீபாவளிதான் அவருடைய நினைவு நாளும். வரும் தீபாவளி விடுமுறையில் எட்டயபுரம் போய் வாருங்கள், அடுத்த மார்கழிக்கான தயாரிப்பை அங்கிருந்தே தொடங்கலாம்.