பழைய காரின் எஞ்சின் மவுண்டை வீட்டு வாசலில் மாற்ற

2006-க்குப் பிந்திய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் லண்டனின் யூலெஸ் மாசுக் கட்டணத்துக்குத் தப்பிவிடும். அதனால் கிழக்கு லண்டனின் மனோர் பார்க் தெருக்களில் பழைய கார்களுக்கு இன்னும் மவுசுதான். சொந்தக் காரைத் தெருவோரத்தில் பழுது பார்க்கலாம். காசு வாங்கி அடுத்தவர் காரைச் செய்தால், தெருவில் தொழிலாகப் பழுது பார்ப்பதைத் தடுக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் பாயும்.

சிக்னலில் நிற்கும்போது ஸ்டியரிங் அதிர்கிறதா? கியர் போடும்போது 'டொக்' என்கிறதா? பானெட்டைத் திறந்து, எஞ்சினைத் தாங்கும் மவுண்டைப் பாருங்கள். ரப்பர் வெடித்திருந்தாலோ, மவுண்டிலிருந்து கறுப்பு எண்ணெய் வழிந்திருந்தாலோ மாற்றியே ஆகவேண்டும். உடைந்த மவுண்டோடு எம்ஓடி சோதனைக்குப் போனால் ஃபெயில்தான்.

மேலிருந்தே கைக்கு எட்டும் மவுண்ட் என்றால் காரைத் தூக்க வேண்டாம். சமதரையில் நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, எஞ்சின் ஆறியபின் ஆரம்பியுங்கள். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டியான சம்புக்கு அடியில் தடித்த பலகை வைத்து, அதன்மேல்தான் டிராலி ஜாக் முட்ட வேண்டும். பலகை இல்லாமல் முட்டினால் சம்ப் நசுங்கும். அந்தச் செலவுக்குப் பத்து மவுண்ட் வாங்கலாம்! பாரத்தைத் தாங்கும் அளவு மட்டும் உயர்த்துங்கள். கூடினால் ஹோஸ்களும் சைலன்சர் குழாயும் இழுபடும்.

ஒரு நேரத்தில் ஒரு மவுண்டை மட்டும் கழற்றிப் புதியதை வையுங்கள். புதிய போல்ட்டுகளை முதலில் கையாலேயே திருகுங்கள். அலுமினியத்தில் மரை போனால் தலைவலி. ஜாக்கை இறக்கி எஞ்சின் பாரம் மவுண்டில் உட்கார்ந்தபின், மேனுவலில் உள்ள அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள்.

காரின் அடியில் போகவேண்டிய மவுண்டா? ஆக்சில் ஸ்டாண்ட் இல்லாமல் தலையை நுழைக்காதீர்கள். எந்த மவுண்ட் வாங்குவது? பாலியூரித்தேன் மவுண்ட் நீடிக்கும், ஆனால் அதிர்வு கூடும். குடும்பக் காருக்கு ரப்பரே போதும்.