எரிபொருட் கலமும் விலை குறைந்த ஊக்கிகளும்

க.பொ.த. சாதாரண தரம் – விஞ்ஞானம்
தொடர்புடைய பகுதிகள்: தாக்க வீதம், மின்னிரசாயனம், சக்தி

1. அறிமுகம்

ஐதரசன் பரவொட்சைட்டுக் கரைசலினுள் சிறிதளவு மங்கனீசீரொட்சைட்டை இட்டவுடன் ஒட்சிசன் வாயுக் குமிழிகள் விரைவாக வெளியேறுவதை ஆய்வுகூடத்தில் அவதானித்திருப்பீர்கள். தாக்கம் முடிந்த பின் அக்கருந்தூளை வடித்து, உலர்த்தி நிறுத்தால் அதன் திணிவு மாறாதிருக்கும். இவ்வாறு தான் செலவாகாமல் தாக்க வீதத்தை அதிகரிக்கச் செய்யும் பதார்த்தம் ஊக்கி எனப்படும். ஊக்கி, குறைந்த ஏவற்சக்தியுடைய வேறொரு பாதையைத் தாக்கத்துக்கு வழங்குகிறது.

எரிபொருட் கலத்திற்கும் ஊக்கி தேவை. அது விலையுயர்ந்த பிளாற்றினமாகத்தான் இருக்க வேண்டுமா என்பதை இப்பாடத்தில் ஆராய்வோம்.

2. எரிபொருட் கலம் தொழிற்படும் விதம்

மாத்தளை மாவட்டத்தில் வாழும் நீங்கள் உக்குவளை மின்நிலையத்தை அறிவீர்கள். பொல்கொல்லையில் திருப்பப்படும் மகாவலி நீர் சுரங்கம் வழியாக அங்கு வந்து விழும்போது மின் பிறப்பிக்கப்படுகிறது. இத்தகைய மின்னைப் பயன்படுத்தி, மின்பகுப்பின் மூலம் நீரை ஐதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிக்கலாம். எரிபொருட் கலத்தில் நிகழ்வது இதற்கு எதிரான தாக்கமாகும். அங்கு ஐதரசனும் ஒட்சிசனும் சேர்ந்து நீரைத் தருவதுடன் மின்னும் பெறப்படுகிறது.

புரோத்தன் பரிமாற்ற மென்சவ்வுக் கலத்தில் நிகழ்வன:

அனோட்டில் (ஒட்சியேற்றம்):
ஐதரசன் → ஐதரசன் அயன்கள் + இலத்திரன்கள்

கதோட்டில் (தாழ்த்தல்):
ஒட்சிசன் + ஐதரசன் அயன்கள் + இலத்திரன்கள் → நீர்

அயன்கள் மென்சவ்வினூடாகவும் இலத்திரன்கள் வெளிச்சுற்றினூடாகவும் கதோட்டை அடைகின்றன. தனிக்கலமொன்று கொள்கையளவில் ஏறத்தாழ 1.23 வோல்ற்றுத் தர வேண்டும். ஆயினும் மின்னோட்டம் பெறப்படும்போது அது 0.6 – 0.7 வோல்ற்று வரை குறைகிறது. இவ்விழப்பில் பெரும் பகுதிக்குக் கதோட்டுத் தாக்கம் மெதுவாக நிகழ்வதே காரணமாகும். ஒட்சிசன் மூலக்கூறின் இரட்டைப் பிணைப்பை உடைப்பது கடினம். எனவே கலத்திலுள்ள பிளாற்றினத்தின் பெரும் பகுதி கதோட்டிலேயே இடப்படுகிறது.

பிளாற்றினம் அருமையாகக் கிடைக்கும் மூலகமாகும். உலகில் அகழப்படும் அளவில் பெரும் பகுதி தென்னாபிரிக்காவிலிருந்தே பெறப்படுகிறது. இதனால் அதன் விலை எரிபொருட் கலத்தின் விலையையும் உயர்த்துகிறது.

3. விலை குறைந்த ஊக்கிகள்

(அ) நிக்கல்: பிரான்சிஸ் பேக்கன் என்னும் ஆங்கிலேயப் பொறியியலாளர் 1959 இல் 5 கிலோவாற்று எரிபொருட் கலத் தொகுதியை இயக்கிக் காட்டினார். அதில் நிக்கல் மின்வாய்களும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டு மின்பகுபொருளும் பயன்பட்டன. காரக் கலங்களின் குறைபாடு யாதெனில், வளியிலுள்ள காபனீரொட்சைட்டு காரத்துடன் தாக்கமுற்றுக் காபனேற்றை உருவாக்குவதாகும்.

(ஆ) மங்கனீசீரொட்சைட்டு: காரக் கரைசலில் இது ஒட்சிசனின் தாழ்த்தலை ஊக்குவிக்கும். செவிப்புலன் உதவிக் கருவிகளிலுள்ள நாக – வளிக் கலங்களில் இது பயன்படுகிறது.

(இ) இரும்பு – நைதரசன் – காபன் ஊக்கி: உங்கள் குருதியிலுள்ள ஈமோகுளோபினில் ஒட்சிசனைப் பற்றிக்கொள்வது இரும்பாகும். அவ்விரும்பைச் சூழ ஒரு வளையத்தில் நான்கு நைதரசன் அணுக்கள் உள்ளன. இதையொத்த அமைப்புடைய கோபாற்றுச் சேர்வையொன்று ஒட்சிசனின் தாழ்த்தலை ஊக்குவிக்கும் என்பதை ரேமண்ட் ஜசின்ஸ்கி 1964 இல் அறிவித்தார். தற்போது இரும்புச் சேர்வை, நைதரசன் கொண்ட சேர்வை, காபன் ஆகியவற்றைக் கலந்து, ஒட்சிசன் அற்ற சூழலில் ஏறத்தாழ 700 – 1000 பாகை செல்சியசில் வெப்பமேற்றி இவ்வகை ஊக்கி தயாரிக்கப்படுகிறது. 2009 இல் கனடாவின் கியூபெக் மாகாண ஆய்வாளர்கள் இதன் செயற்றிறனைப் பெரிதும் உயர்த்தினர். 2017 இல் கனடாவின் பலார்ட் நிறுவனமும் ஜப்பானின் நிஷின்போ நிறுவனமும் சேர்ந்து, கதோட்டில் பிளாற்றினம் அற்ற 30 வாற்றுக் கலத் தொகுதியை அறிவித்தன.

இங்கு கவனிக்க வேண்டியது: ஊக்கும் ஆற்றல் மூலகத்தின் விலையில் அன்று, அணுக்கள் ஒழுங்குபடுத்தப்பட்ட விதத்தில் தங்கியுள்ளது.

4. தீர்க்கப்பட வேண்டிய பிரச்சினைகள்

• செயற்றிறன் குறைவு. ஆகவே தடித்த ஊக்கிப் படை தேவைப்படும். அதனூடாக ஒட்சிசன் உட்செல்வதும் நீர் வெளியேறுவதும் கடினமாகும்.
• அமில ஊடகத்தில் இரும்பு சிறிது சிறிதாகக் கரைந்து வெளியேறும்.
• பக்க விளைவாகத் தோன்றும் ஐதரசன் பரவொட்சைட்டு இரும்புடன் சேர்ந்து காபனையும் மென்சவ்வையும் சிதைக்கும்.

எனவே நல்ல ஊக்கியொன்று விலை குறைவு, செயற்றிறன், நீடித்த உழைப்பு ஆகிய மூன்றையும் கொண்டிருத்தல் வேண்டும்.

5. நமது பிராந்தியம்

தமிழ்நாட்டின் காரைக்குடியில் 1953 இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம் எரிபொருட் கலங்கள் பற்றியும் ஆராய்கிறது. மாத்தளைக்கு அண்மையில், கண்டி ஹந்தானையிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் இலங்கைக் காரீயத்தை மின்கலங்களில் பயன்படுத்துவது பற்றி ஆய்வு செய்துள்ளது. அயல் மாவட்டமான குருணாகலின் கஹட்டகஹவில் தூய காரீயம் அகழப்படுகிறது. மின்னைக் கடத்தும் காபனும், எங்கும் கிடைக்கும் இரும்பும், வளியிலுள்ள நைதரசனும் அரிய மூலகங்கள் அல்ல. அவற்றை நீடித்து உழைக்கும் ஊக்கியாக மாற்றும் அறிவே அரியது.

6. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: ஒவ்வொன்றும் 0.6 வோல்ற்றுத் தரும் கலங்களிலிருந்து 12 வோல்ற்றுப் பெறுவது எவ்வாறு?
விடை: 12 ÷ 0.6 = 20. எனவே 20 கலங்களைத் தொடராக இணைக்க வேண்டும்.

வினா 2: இரும்பு – நைதரசன் – காபன் ஊக்கியைத் தயாரிக்கையில் ஒட்சிசன் அகற்றப்படுவது ஏன்?
விடை: உயர் வெப்பநிலையில் காபன் ஒட்சிசனுடன் தாக்கமுற்று எரிந்துவிடும்.

வினா 3: (கற்பனைத் தரவுகள்) பிளாற்றின ஊக்கியின் விலை 100 000 ரூபா, உழைப்புக் காலம் 5000 மணித்தியாலம். இரும்பு ஊக்கியின் விலை 30 000 ரூபா, உழைப்புக் காலம் 1000 மணித்தியாலம். எது இலாபகரமானது?
விடை: பிளாற்றினம்: 100 000 ÷ 5000 = மணித்தியாலத்திற்கு 20 ரூபா.
இரும்பு: 30 000 ÷ 1000 = மணித்தியாலத்திற்கு 30 ரூபா.
எனவே பிளாற்றினமே இலாபகரமானது. இரும்பு ஊக்கி 30 000 ÷ 20 = 1500 மணித்தியாலத்திற்கு மேல் உழைத்தால் மட்டுமே அது இலாபகரமாகும்.

வினா 4: “ஊக்கி, எரிபொருளிலுள்ள இரசாயனச் சக்தியை அதிகரிக்கச் செய்யும்.” இக்கூற்று சரியா?
விடை: தவறு. ஊக்கி ஏவற்சக்தியைக் குறைப்பதால் வெப்பமாக இழக்கப்படும் பங்கு குறையும். எரிபொருளிலுள்ள சக்தி மாறாது.

நினைவிற் கொள்க: வினா 3 போன்றவற்றில் விலையை மட்டும் ஒப்பிட்டு விடை எழுத வேண்டாம். உழைப்புக் காலத்தையும் சேர்த்துக் கணித்த பின்னரே முடிவுக்கு வருக.