ஓய்வு பெற்ற மின்மாற்றியை விற்குமுன்

தொழிற்கூடத்தின் பின்புறம், மதிலோரமாகப் புல் மண்டிய இடத்தில் பழைய மின்மாற்றி ஒன்று நிற்பதைப் பல ஆலைகளில் காணலாம். மின் இணைப்பின் அளவை உயர்த்தியபோது கழற்றி வைத்ததாக இருக்கும். அல்லது விரிவாக்கத்திற்கென வாங்கி, அத்திட்டம் கைவிடப்பட்டதால் ஒருநாள் கூட மின்னேற்றம் பெறாததாக இருக்கும். கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு ஆண்டுதோறும் தேய்ந்து சில ஆயிரங்களில் வந்து நிற்கும். காயலான் கடைக்காரர் ஒருவர் வந்து மொத்தமாக ஒரு தொகை சொல்வார். இடம் காலியானால் போதும் என்று நிர்வாகமும் இசைந்துவிடும்.

இவ்வாறு முடியும் பேரத்தில் விற்பவருக்கு வரவேண்டிய பணத்தில் ஒரு பகுதி கைநழுவுவது உண்டு. அதைவிடப் பெரியது, விற்ற பின்னும் அவரை விடாமல் தொடரும் சட்டப் பொறுப்பு. இரண்டையும் இப்பாடத்தில் சற்று விரிவாகக் காண்போம்.

முதலில், மின்மாற்றியோடு நேரடித் தொடர்பில்லாத ஒரு நிகழ்ச்சியை நினைவூட்ட விரும்புகிறோம். 2010 ஏப்ரலில் தில்லியின் மாயாபுரி பழைய உலோகச் சந்தையில் பணியாற்றிய தொழிலாளர் சிலர் கடுமையான கதிர்வீச்சுப் பாதிப்புடன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர், ஒருவர் உயிரிழந்தார். தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் பல ஆண்டுகள் பயன்பாடின்றிக் கிடந்த கருவி ஒன்று ஏலத்தில் விற்கப்பட்டிருந்தது. அதனுள் கோபால்ட்-60 என்னும் கதிரியக்கப் பொருள் இருந்தது. விற்றவர்கள் அதைக் கருதவில்லை, வாங்கியவர்கள் அறியவில்லை, உடைத்தவர்களின் உடல் அதன் விலையைக் கொடுத்தது. மின்மாற்றியில் கதிரியக்கம் எதுவும் இல்லை. ஆயினும் உள்ளே இருப்பது என்னவென்று பாராமல் பழைய கருவியை எடைக்குப் போடும் வழக்கம் இரண்டிற்கும் பொதுவானது.

பெட்டிக்குள் இருப்பவை

எண்ணெய் நிரப்பிய சாதாரண மின்மாற்றியில் விலைபோகும் பொருள்கள் நான்கு. வெளித்தொட்டியும் குளிர்விக்கும் குழாய்களும் மென் எஃகு. நடுவே உள்ள உள்ளகம் சிலிக்கான் கலந்த, சி.ஆர்.ஜி.ஓ. என வணிகர் வழங்கும் தனிவகை எஃகுத் தகடுகளின் அடுக்கு. அதைச் சுற்றியுள்ள சுருள்கள் செம்பு அல்லது அலுமினியம். இவையனைத்தும் மூழ்கியிருப்பது கனிம எண்ணெயில். காப்புத்தாள், மரக்கட்டை, பீங்கான் புஷிங் ஆகியவற்றிற்குச் சொல்லத்தக்க விலை இல்லை.

மின்மாற்றியின் மீது பொருத்தியுள்ள பெயர்ப்பலகையை முதலில் துடைத்துப் படியுங்கள். திறன், மின்னழுத்தம், தயாரித்த ஆண்டு, எண்ணெயின் அளவு, உள்ளகமும் சுருளும் சேர்ந்த எடை, மொத்த எடை ஆகியன அதில் பொறிக்கப்பட்டிருக்கும். சுருள் எந்த உலோகம் என்பது அதிலோ, வாங்கியபோது தரப்பட்ட சோதனைச் சான்றிலோ இருக்கும். அந்தச் சான்றைத் தேடி எடுப்பது ஒரு பிற்பகல் வேலைதான். அதன் பயனை ஒரு கணக்கால் காட்டலாம்.

கோலாப்பூரில் ஒரு வார்ப்பாலை என்று கொள்வோம். அதன் உரிமையாளர் கழற்றி வைத்துள்ள மின்மாற்றியின் மொத்த எடை 2,000 கிலோ. எண்ணெய் 500 லிட்டர். மின்மாற்றி எண்ணெய் நீரைவிட இலேசானது, லிட்டருக்கு 0.86 கிலோ எனக் கொண்டால் எண்ணெயின் எடை 430 கிலோ. உள்ளகமும் சுருளும் 1,000 கிலோ. எஞ்சிய 570 கிலோ தொட்டியும் உறுப்புகளும். சோதனைச் சான்றின்படி சுருளில் செம்பு 320 கிலோ என்றால், கிலோ 700 ரூபாய் என்னும் கற்பனை விலையில் செம்பின் மதிப்பு மட்டும் 2,24,000 ரூபாய். அதே திறனுக்கு அலுமினியச் சுருள் இருந்திருந்தால் எடையே ஏறக்குறையப் பாதிதான். மின்கடத்தும் ஆற்றல் குறைவாயினும் அலுமினியம் அவ்வளவு இலேசான உலோகம். 160 கிலோவை 180 ரூபாய் வீதம் கணக்கிட்டால் 28,800 ரூபாய். வெளித்தோற்றத்தில் இரண்டு மின்மாற்றிகளும் ஒன்றுபோலவே இருக்கும். ‘மொத்தமாக இவ்வளவு’ என்று விலை சொல்பவர் செம்பா அலுமினியமா என்பதை அறிந்தே சொல்கிறார்; அறியாதவர் பெரும்பாலும் விற்பவர்தான். மேற்கண்ட விலைகள் கணக்கிற்காக மட்டும். விற்கும் நாளின் சந்தை விலையை வாசகர்கள் கேட்டறிய வேண்டும்.

உலோகங்களை மறுசுழற்சி செய்வதால் நாட்டிற்கு வரும் ஆதாயமும் சிறிதன்று. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் ஏறத்தாழ 5 விழுக்காடே பழைய அலுமினியத்தை உருக்கப் போதுமானது.

சி.ஆர்.ஜி.ஓ. தகட்டைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பழைய மின்மாற்றியிலிருந்து பிரித்த தகடுகளை மீண்டும் வெட்டி, மலிவான மின்மாற்றிகளில் சேர்க்கும் தவறான வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உண்டு. வளைந்தும் நெளிந்தும் ஓரம் பிசிறிட்டும் போன தகடு தன் காந்தப் பண்பை இழக்கிறது. அதனால் மின்னிழப்பு மிகுகிறது. இவ்வகை எஃகுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரை கட்டாயமாக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம். இன்று நீங்கள் விற்ற தகடு நாளை உங்களுக்கே புதிய மின்மாற்றியாகத் திரும்பி வரலாம் என்பது வெறும் வேடிக்கைப் பேச்சன்று. தகடுகள் உருக்காலைக்கே செல்லும் என்பதை விற்பனை நிபந்தனையில் எழுதிவிடுவது நலம்.

உடைப்பதா, மீண்டும் உழைக்க வைப்பதா

ஓய்வு பெற்ற மின்மாற்றி எல்லாம் கழிவு ஆகாது. மிகையாக வாங்கப்பட்டதும் திறன் போதாமல் கழற்றப்பட்டதும் வேறோர் ஆலையில் பல ஆண்டுகள் உழைக்கக்கூடும். அதன் ஆயுளைத் தீர்மானிப்பது செம்போ இரும்போ அன்று, காப்புத்தாள். எண்ணெயில் கரைந்துள்ள வாயுக்களையும், தாள் சிதைவதால் தோன்றும் ஃபியூரான் சேர்மங்களையும் ஆய்வகத்தில் அளந்து தாளின் நிலையை ஊகிக்க முடியும். புதிய தாளின் பலபடியாக்க எண் ஆயிரத்தை ஒட்டி இருக்கும்; அது 200 அளவிற்குக் குறைந்துவிட்டால் தாள் வலுவிழந்துவிட்டது என்று பொருள். அந்நிலையில் சுருளை மாற்ற வேண்டும், அல்லது பிரித்துவிட வேண்டும். தாள் நன்றாக இருந்து எண்ணெய் மட்டும் கெட்டிருந்தால் எண்ணெயை வடிகட்டிச் சுத்திகரித்தே பயன்படுத்தலாம்.

இன்னொரு பிழையும் இங்குச் சுட்டத்தக்கது. தேவைக்கு மிஞ்சிய மின்மாற்றியைச் சிலர் சுமையின்றியே மின்னேற்றத்தில் வைத்திருப்பர். சுமை இல்லாதபோதும் உள்ளகத்தில் மின்னிழப்பு உண்டு. அது ஒரு கிலோவாட் என்றால், ஆண்டிற்கு 8,760 யூனிட். யூனிட் 8 ரூபாய் வீதம் 70,080 ரூபாய் ஒரு பயனுமின்றிப் போகிறது. இது பட்டியலில் தனியே தெரியாத செலவாதலின் யாரும் கேள்வி கேட்பதில்லை.

எண்ணெய்தான் இடர்

பாலிகுளோரினேட்டட் பைஃபினைல், சுருக்கமாகப் பி.சி.பி., எளிதில் தீப்பற்றாத காப்புத் திரவம் என்பதால் ஒரு காலத்தில் மின்மாற்றிகளிலும் மின்தேக்கிகளிலும் விரும்பி நிரப்பப்பட்டது. 1968இல் ஜப்பானின் மேற்குப் பகுதியில் அரிசித் தவிட்டு எண்ணெயில் இப்பொருள் கலந்து, அதை உண்டவர்கள் தோல் நோய்க்கும் பிற பாதிப்புகளுக்கும் ஆளாயினர். யுஷோ என்று அந்நோய்க்குப் பெயர். பி.சி.பி. மண்ணில் எளிதில் அழியாது. உயிர்களின் கொழுப்பில் சேர்ந்துகொண்டே போகும். போதிய வெப்பமின்றி எரித்தால் டையாக்சின் போன்ற இன்னும் கொடிய நஞ்சுகளைத் தோற்றுவிக்கும். நிலைத்த கரிம மாசுகள் குறித்த ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையை இந்தியா 2006இல் ஏற்றது. அதைத் தொடர்ந்து 2016இல் வெளியான மத்திய அரசின் ஆணை, 2025 டிசம்பர் 31ஆம் நாளைப் பி.சி.பி. பயன்பாட்டின் இறுதி நாளாக வரையறுத்தது. எஞ்சியவற்றை 2028க்குள் முறைப்படி ஒழிக்க வேண்டும் என்பது உடன்படிக்கையின் இலக்கு.

‘எங்களுடையது சாதாரண எண்ணெய்; இந்தக் கவலை எங்களுக்கில்லை’ என்று வாசகர் எண்ணலாம். பெயர்ப்பலகையில் கனிம எண்ணெய் என்றே இருந்தாலும் ஐயம் முற்றும் நீங்காது. எண்ணெய் வடிகட்டும் இயந்திரம் ஆலைக்கு ஆலை செல்லும் ஒன்று. பி.சி.பி. இருந்த மின்மாற்றியில் பயன்படுத்திய அதே இயந்திரம், அதே குழாய், அடுத்த மின்மாற்றியின் எண்ணெயிலும் அதன் எச்சத்தைக் கலந்துவிடும். ஆகவே பழைய மின்மாற்றியை, சிறப்பாகப் பலமுறை எண்ணெய் மாற்றப்பட்டதை, விற்குமுன் எண்ணெயின் மாதிரி ஒன்றை ஆய்வகத்திற்கு அனுப்புதல் வேண்டும். பத்து இலட்சத்தில் 50 பங்கு என்பது பன்னாட்டளவில் பெரிதும் கையாளப்படும் எல்லை. அதற்கு மேல் இருந்தால் எவருக்கும் விற்காமல் மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திற்கு எழுதி வழி கேட்க வேண்டும்.

பி.சி.பி. இல்லாத பழைய எண்ணெயும் சட்டத்தின் பார்வையில் தீங்கு விளைவிக்கும் கழிவே. 2016ஆம் ஆண்டின் தீங்கு விளைவிக்கும் கழிவுகள் விதிகளின்படி, வாரியத்தின் அங்கீகாரம் பெற்ற மறுசுழற்சியாளருக்கு மட்டுமே அதைத் தரலாம். பொதுவாக 90 நாள்களுக்கு மேல் வளாகத்தில் சேர்த்து வைத்தலும் ஆகாது. முறையற்ற கையாளலால் சுற்றுச்சூழலுக்கோ பிறருக்கோ கேடு நேர்ந்தால், கழிவைத் தோற்றுவித்தவரும் பொறுப்பாவார். காயலான் கடைக்காரர் எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றினாலும், மின்மாற்றியின் பெயர்ப்பலகையில் உள்ள எண்ணைக் கொண்டு உங்கள் வாயிலுக்கே அதிகாரிகள் வருவர்.

வங்கியிடம் சொல்ல வேண்டியது

இப்பகுதியை எங்கள் கிளை மேலாளர்களின் அனுபவத்தை ஒட்டி எழுதுகிறோம். இயந்திரக் கடன் பெற்ற வாடிக்கையாளர் பலர், கடன் ஒப்பந்தத்தின் பிற்சேர்க்கையிலுள்ள இயந்திரப் பட்டியலைக் கையெழுத்திட்ட நாளுக்குப் பின் பார்ப்பதில்லை. மின்மாற்றி அப்பட்டியலில் இருந்தால் அது ஹைப்பாதிகேஷன் முறையில் வங்கிக்கு ஈடாக உள்ளது. பொருள் உங்கள் கையில் இருக்கும். ஆனால் அதன் மீது வங்கிக்கு உரிமை உண்டு. அதை வங்கியின் எழுத்துவழி இசைவின்றி விற்பது ஒப்பந்த மீறல். நல்ல முறையில் தவணை கட்டிவரும் ஒருவர், சில இலட்ச ரூபாய் பெறுமான பழைய பொருளை விற்றதால் ஆய்வின்போது விளக்கம் சொல்ல நேர்வது எங்களுக்கும் வருத்தமே.

இசைவு பெறுவது கடினமன்று. எதற்காக விற்கிறோம், மாற்றாக என்ன நிறுவியுள்ளோம், மதிப்பீடு என்ன, தொகை எக்கணக்கில் வரவாகும் என்று ஒரு கடிதம் எழுதினால் போதுமானது. விற்ற பணம் கடன் கணக்கில் சேரவேண்டும் என்றோ, புதிய இயந்திரம் பட்டியலில் இடம்பெற வேண்டும் என்றோ வங்கி நிபந்தனை விதிக்கலாம். காப்பீட்டுப் பத்திரத்திலும் பழையதை நீக்கிப் புதியதைச் சேர்த்துவிடுங்கள்; இல்லாத மின்மாற்றிக்குப் பிரீமியம் கட்டிக்கொண்டு, இருப்பதைக் காப்பீடின்றி விடுவது அரிதன்று. புதியது உயரழுத்த மின்மாற்றியானால் அதற்கு மின்னேற்றும் முன் மின் ஆய்வாளரின் ஒப்புதலும் தேவைப்படும்.

எண்ணெய் சிந்திய மண்ணும் வங்கியின் கவனத்திற்குரியதே. ஆலை நிலம் அடமானத்தில் இருக்குமானால், மின்மாற்றியை வெட்டவெளியில் பிரித்து எண்ணெயை மண்ணில் இறங்கவிடுவது அந்நிலத்தின் மதிப்பையே குறைக்கும் செயல். பிரிக்கும் பணி வாங்குபவரின் அங்கீகாரம் பெற்ற கூடத்தில் நடப்பதே முறை. எண்ணெயை மட்டும் மூடிய பீப்பாய்களில் வாங்கிக்கொண்டு செல்லட்டும்.

ஏலமும் வரியும்

ஒன்றிரண்டு மின்மாற்றிகளுக்கு மூன்று அங்கீகாரம் பெற்ற நிறுவனங்களிடம் விலைப்புள்ளி கேட்டால் போதும். எண்ணிக்கை கூடுமானால் மின்னணு ஏலம் சிறந்தது. 1964இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான எம்.எஸ்.டி.சி. இவ்வகை ஏலங்களை நீண்ட காலமாக நடத்தி வருகிறது. எம்முறையானாலும் விலை எடைக்கா, மொத்தமாகவா என்பது தெளிவாக இருக்க வேண்டும்; எடைக்கென்றால் எண்ணெய் வடித்த பிறகு, உங்கள் ஆளின் முன்னிலையில், நீங்கள் தேர்ந்த எடைமேடையில் நிறுத்த வேண்டும்.

மின்மாற்றியாகவே விற்பதற்கும் உலோகக் கழிவாக விற்பதற்கும் ஜி.எஸ்.டி. விதிகள் வேறு. 2024 அக்டோபர் 10 முதல், பதிவு பெற்றவர்களிடையே நடக்கும் உலோகக் கழிவு விற்பனை ஓர் ஒப்பந்தத்தில் இரண்டரை இலட்ச ரூபாயைத் தாண்டினால், வாங்குபவர் 2 விழுக்காடு வரி பிடித்தம் செய்கிறார். அத்தொகை உங்கள் மின்னணு ரொக்கப் பேரேட்டில் வரவானதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வருமான வரியில், விற்ற தொகை அந்த இயந்திரம் சேர்ந்துள்ள சொத்துத் தொகுதியின் மதிப்பிலிருந்து கழியும். மற்ற நுணுக்கங்களை உங்கள் தணிக்கையாளரிடம் கேட்டுக்கொள்வதே நன்று.

எண்ணெய் வண்டி வாயிலைத் தாண்டும்போது அத்துடன் செல்லும் படிவம் 10 ஏழு படிகள் கொண்டது. ஒவ்வொன்றும் ஒரு நிறம். வண்டி ஓட்டுநர் கையெழுத்திட்ட மஞ்சள் படி உங்களிடம் தங்கும். எண்ணெயைப் பெற்றுக்கொண்ட மறுசுழற்சியாளர் நீலப் படியில் ஒப்பமிட்டு உங்களுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். அது வராதவரை எண்ணெய் எங்குச் சென்றது என்பதற்கு உங்களிடம் சான்று இல்லை. நீலப் படி வந்ததும் அதை மஞ்சள் படியுடனும் வங்கியின் இசைவுக் கடிதத்துடனும் ஒரே கோப்பில் வையுங்கள். ஜூன் 30க்குள் வாரியத்திற்கு அளிக்க வேண்டிய ஆண்டறிக்கையை எழுதும்போது அக்கோப்பு தேவைப்படும்.