அதிகாரி செய்த மோசடி: எந்த மன்றம் விசாரிக்கும்?

வேதியியல் படிக்கும் இவனுக்குச் சட்டத்தில் என்ன வேலை என்று நீங்கள் கேட்கலாம். பிழைப்புக்காகக் கேரளம் சென்ற தமிழ்க் குடும்பம் எங்களுடையது. என் ஊர் வேலந்தாவளம். பாலக்காடு மாவட்டத்தின் சித்தூர் வட்டம் அங்கே முடிகிறது. சிறிது நடந்தால் கோவை மாவட்டம். சோதனைச் சாவடியைப் பார்த்தே வளர்ந்தவன் நான். 2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபின் வரிச் சாவடி போயிற்று. மோட்டார் வாகனச் சாவடி நின்றது.

சென்ற விடுமுறையில் லாரி ஓட்டும் பெரியவர் ஒருவர் டீக்கடையில் என்னைப் பிடித்துக்கொண்டார். “ஏனுங்க தம்பி, ஒரு ஆபீசரு பொய் ரசீது போட்டுக் காசை எடுத்துக்கிட்டா நானு எந்தக் கோர்ட்டுக்குப் போறது? கோயமுத்தூருக்கா, பாலக்காட்டுக்கா?” எனக்கு விடை தெரியவில்லை. வெட்கமாகவே இருந்தது. பிறகு தேடிப் படித்தேன்.

எந்த ஊர் மன்றம் என்பது ஒரு கேள்வி. எந்த வகை மன்றம் என்பது வேறு கேள்வி. முதற்கேள்வி எளிது. குற்றம் எங்கே நடந்ததோ அவ்விடத்துக்குரிய மன்றமே விசாரிக்கும். வண்டி எம்மாநிலத்துப் பதிவு, ஓட்டுநர் எம்மொழியினர் என்பது பொருட்டன்று.

இரண்டாவது கேள்வியில்தான் பலர் இடறுகின்றனர். தனியார் ஒருவர் செய்யும் ஏமாற்றை மாஜிஸ்திரேட் விசாரிக்கலாம். பொது ஊழியர் லஞ்சம் வாங்கினாலோ, தம்மிடம் ஒப்படைத்த பணத்தைக் கையாடினாலோ, 1988-ஆம் ஆண்டு ஊழல் தடுப்புச் சட்டம் குறுக்கே வருகிறது. அக்குற்றங்களைச் சிறப்பு நீதிபதி மட்டுமே விசாரிக்கலாம் என்கிறது அதன் 4-ஆம் பிரிவு. உடன் நிகழ்ந்த மோசடியையும் அவரே சேர்த்து விசாரிக்கலாம். வாளையாரிலுள்ள மலபார் சிமென்ட்ஸ் ஆலையின் முறைகேட்டு வழக்குகள் பாலக்காட்டைத் தாண்டித் திருச்சூர் விஜிலன்ஸ் மன்றத்துக்குப் போனது இதனால்தான்.

“மட்டுமே” என்ற அச்சிறு சொல்லின் வலிமையை அந்துலே வழக்கில் காணலாம். மகாராஷ்டிர முதலமைச்சராயிருந்த ஏ. ஆர். அந்துலே, சிமென்ட் ஒதுக்கீட்டுக்குக் கைம்மாறாக அறக்கட்டளைகளுக்கு நன்கொடை பெற்றார் என்பது குற்றச்சாட்டு. 1982-இல் பதவி துறந்தார். தனி மனிதர் ஒருவர் சிறப்பு நீதிபதியிடம் முறையிட்டார். அவ்வாறு தனி மனிதர் நேரே முறையிடுவது செல்லும் என்று 1984-இல் உச்ச நீதிமன்றம் தீர்த்தது. நம் லாரிக்காரர் மகிழத்தக்க செய்தி. ஆனால் அப்போதே, வழக்கு விரைந்து முடியட்டும் என்று அதனைப் பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு மாற்றியும் விட்டது.

நோக்கம் நல்லது, அதிகாரம்தான் இல்லை. அன்றிருந்த 1952-ஆம் ஆண்டுச் சட்டமும் சிறப்பு நீதிபதி மட்டுமே என்றுதான் சொல்லியது. 1988 ஏப்ரல் 29 அன்று எழுவர் அமர்வின் பெரும்பான்மையினர், தம் மன்றத்தின் முந்தைய கட்டளையையே தவறென்று நீக்கினர். மன்றங்களுக்கு அதிகாரம் தருவது சட்டமன்றமே. உச்ச நீதிமன்றமாயினும் தானாக அதைப் படைக்க இயலாது. மேலும், சிறப்பு நீதிபதி தீர்ப்பளித்தால் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு உண்டு. உயர் நீதிமன்றமே விசாரித்தால் அப்படி உரிமை பறிபோகும். தவறான தராசில் நிறுத்த பொருளை மீண்டும் நிறுக்கத்தானே வேண்டும்! ஆண்டுகள் வீணானது என்னவோ உண்மை. குற்றம் நடந்ததா இல்லையா என்ற கேள்வி அதுவரை காத்துக் கிடந்தது.

இன்னுமொரு கதவு உண்டு. ஊழியரைப் பதவி நீக்கும் அதிகாரமுடையவரின் முன்அனுமதி இன்றி மன்றம் வழக்கை ஏற்காது (19-ஆம் பிரிவு). கேரள அரசின் ஊழியராயின் அவ்வனுமதி கேரளத்தினின்றே வரவேண்டும்; கோவையில் எத்தனை மனுக் கொடுத்தும் பயனில்லை. நேர்மையான ஊழியரைப் பொய் வழக்கினின்று காக்க வைத்த கதவுதான். அது திறக்க எத்தனை நாள் ஆகும் என்பதே ஏழையின் கவலை.

பொங்கலுக்கு ஊர் சென்றபோது பெரியவரைத் தேடிப் பிடித்து, “விஜிலன்ஸ் போலீசில் புகார் கொடுங்கள், வழக்கானால் திருச்சூர்” என்றேன்.

“திருச்சூருங்களா?” என்றார். “போக வர ஒரு நாள் வாடகை போச்சே தம்பி!”