மீண்டும் உருண்ட சக்கரம்

நுழையும் முன்

மிதிவண்டி ஓட்டுவதில் பேரார்வம் உடையவர் நோயுற்றால் அவருக்கு இரண்டு துன்பங்கள் நேர்கின்றன. ஒன்று, நோய் தரும் துன்பம். மற்றொன்று, நாள்தோறும் உழைத்துச் சேர்த்த உடல்திறன் படுக்கையில் கிடக்கும்போதே கரைந்து போகிறதே என்னும் கவலை. இந்தக் கவலைதான் பலரை நோய் தீரும் முன்பே வண்டியில் ஏற்றிவிடுகிறது. அவ்வாறு ஏறுவது முறையா? உடல்திறன் எவ்வாறு குறைகிறது? இழந்ததை மீட்க முடியுமா? உலகப் புகழ்பெற்ற மிதிவண்டி வீரர் ஒருவரின் வாழ்க்கை வழியாக இவ்வினாக்களுக்கு விடை காண்போம்.

தீவில் தோன்றிய வேகம்

இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடையே ஐரிஷ் கடலில் மான் தீவு என்னும் சிறு தீவு உள்ளது. அத்தீவின் தலைநகரான டக்ளசில் 1985ஆம் ஆண்டு மே 21ஆம் நாள் மார்க் கேவண்டிஷ் பிறந்தார். இளமையிலேயே மிதிவண்டிப் பந்தயங்களில் ஈடுபட்ட அவர், பின்னர் விரைவோட்ட வீரராகப் பெயர் பெற்றார். பந்தயத்தின் கடைசிச் சில நூறு மீட்டர் தொலைவில் முழு ஆற்றலையும் திரட்டி, மணிக்கு 70 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் பாய்ந்து முந்துபவரே விரைவோட்ட வீரர் ஆவார்.

மிதிவண்டிப் பந்தயங்களுள் தலைசிறந்தது 'டூர் டி பிரான்ஸ்'. இது 1903ஆம் ஆண்டு தொடங்கியது. பொதுவாக ஜூலை மாதத்தில் மூன்று வாரங்கள் நடைபெறும் இப்பந்தயம் 21 கட்டங்களைக் கொண்டது. மொத்தத் தொலைவு ஏறத்தாழ 3,400 கிலோமீட்டர். கன்னியாகுமரியிலிருந்து காஷ்மீர் வரை செல்லும் அளவுக்கு நெடிய வழி அது. ஒவ்வொரு கட்டத்திலும் குறித்த நேரத்துக்குள் எல்லைக்கோட்டை அடையாதவர் போட்டியிலிருந்து விலக்கப்படுவார்.

2008ஆம் ஆண்டு பிரான்சின் சாத்தோரூ நகரில் முடிந்த கட்டத்தில் கேவண்டிஷ் தம் முதல் டூர் வெற்றியைப் பெற்றார். 2011ஆம் ஆண்டு சாலைப் பந்தயத்தில் உலக வாகையர் ஆனார். 2016ஆம் ஆண்டு முடிவில் அவருடைய டூர் கட்ட வெற்றிகள் 30 ஆக உயர்ந்திருந்தன. பெல்ஜியம் நாட்டு வீரர் எடி மெர்க்ஸ் பெற்ற 34 வெற்றிகளே அந்நாளைய உச்சச் சாதனை. அதனை எட்ட இன்னும் நான்கே வெற்றிகள் தேவைப்பட்டன. அடுத்த ஆண்டோ, அதற்கடுத்த ஆண்டோ அது நிகழ்ந்துவிடும் என்றே பலரும் எண்ணினர்.

கண்ணுக்குத் தெரியாத எதிரி

அவர்கள் எண்ணியது நடக்கவில்லை. 2017ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில், கேவண்டிஷின் உடலில் எப்ஸ்டைன்–பார் வைரசு தொற்றியிருப்பதாக மருத்துவர்கள் அறிவித்தனர். 1964ஆம் ஆண்டு ஆண்டனி எப்ஸ்டைன், பெர்ட் அச்சோங், இவோன் பார் ஆகிய மூவரும் கண்டறிந்த வைரசு இது. பெரும்பாலும் உமிழ்நீர் வழியாகப் பரவுகிறது. சிறு குழந்தைகளைத் தொற்றும்போது பல வேளைகளில் அறிகுறியே தெரியாது. வளர்ந்தபின் தொற்றினால் காய்ச்சல், தொண்டை வலி, கழுத்தில் நெறிகட்டுதல், மிகுந்த சோர்வு ஆகியவை தோன்றும். மற்ற அறிகுறிகள் நீங்கிய பின்னும் சோர்வு மட்டும் சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும்.

உழைப்பையே நம்பி வளர்ந்த வீரருக்கு இந்நோய் ஒரு புதிர். உடல் தளர்ந்தால் இன்னும் கடுமையாகப் பயில வேண்டும் என்பதே அவர் கற்ற பாடம். நோயால் வந்த தளர்ச்சிக்கோ அந்தப் பாடம் பொருந்தாது. உழைக்க உழைக்கச் சோர்வு கூடுமேயன்றிக் குறையாது.

2017ஆம் ஆண்டு டூர் பந்தயத்தின் நான்காம் கட்டத்தில் கேவண்டிஷ் கீழே விழுந்து, தோள்பட்டை எலும்பு முறிந்து விலகினார். 2018ஆம் ஆண்டு டூரில் மலைப்பாதைக் கட்டமொன்றில் குறித்த நேரத்துக்குள் வந்து சேர இயலாமல் விலக்கப்பட்டார். அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில், வைரசின் பாதிப்பு அவர் உடலில் இன்னும் இருப்பதாக மருத்துவர்கள் கண்டனர். பந்தயங்களை நிறுத்தி முழு ஓய்வு கொள்ளுமாறு அறிவுறுத்தினர். உடலோடு உள்ளமும் தளர்ந்திருந்தது. மனச்சோர்வு நோய்க்கும் தாம் ஆளானதைப் பின்னர் அவரே வெளிப்படையாகக் கூறினார்.

2019ஆம் ஆண்டு டூர் பந்தயத்துக்கு அவருடைய அணி அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. 2020ஆம் ஆண்டு அக்டோபரில் பெல்ஜியத்தில் நடந்த ஒரு பந்தயத்தின் முடிவில், இதுவே தம் கடைசிப் பந்தயமாக இருக்கலாம் என்று கண்ணீருடன் கூறினார். அப்போது அவருக்கு வயது 35.

உடலுக்குள் நடப்பது என்ன?

பயிற்சி நின்றால் உடல்திறன் குறைவது உண்மையே. ஆயினும் எல்லாம் ஒரே நாளில் அழிந்துவிடுவதில்லை. ஒவ்வொன்றும் தனக்குரிய கால அளவில் குறைகிறது.

முதலில் குறைவது குருதியின் நீர்மப் பகுதி. தொடர்ந்து மிதிவண்டி ஓட்டுபவரின் உடலில் குருதியின் அளவு கூடியிருக்கும். அதனால் இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் மிகுதியான குருதியை வெளியேற்றும். பயிற்சி நின்ற சில நாள்களிலேயே அந்த நீர்மம் குறையத் தொடங்குகிறது. ஒரு துடிப்பில் வெளியேறும் குருதியும் குறைகிறது. அக்குறையை ஈடுசெய்ய இதயம் விரைந்து துடிக்கிறது. நோயிலிருந்து எழுந்தவர் பழைய வேகத்தில் ஓட்டும்போது மூச்சு வாங்குவதற்கும் நெஞ்சு படபடப்பதற்கும் இது ஒரு முதன்மையான காரணம்.

அடுத்து, வாரங்கள் செல்லச் செல்லத் தசை செல்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியாவின் செயல்திறன் குறைகிறது. உணவிலிருந்து ஆற்றலைப் பிரித்தெடுக்கும் சிறு உறுப்புகளே மைட்டோகாண்ட்ரியா. அவற்றின் திறன் குறைந்தால் கால்கள் விரைவில் களைத்துவிடும்.

தசைகளுக்குக் குருதி கொண்டுசெல்லும் தந்துகிகளோ, பல ஆண்டுகள் பயின்றவரின் உடலில் எளிதில் மறைவதில்லை. தசையின் வலிமையும் சில வாரங்களுக்குப் பெரிதும் நிலைத்திருக்கும். வண்டியைச் சாயாமல் செலுத்தும் திறமையை ஒருமுறை கற்றவர் எளிதில் மறப்பதில்லை.

விரைவில் குறைந்த குருதி நீர்மமே பயிற்சி தொடங்கியதும் விரைவில் திரும்பி வருகிறது. மைட்டோகாண்ட்ரியாவும் வாரக்கணக்கில் மீண்டும் வலிமை பெறுகிறது. முன்பு பயின்ற உடல், முதன்முறை எடுத்துக்கொண்ட காலத்தைவிடப் பெரும்பாலும் குறைந்த காலத்திலேயே பழைய நிலையை எட்டுகிறது. ஆகவே, ஓய்வினால் நேரும் இழப்பு ஈடுசெய்யக்கூடிய இழப்பே.

ஓய்வெடுக்காமல் இருப்பதால் நேரும் இழப்போ அத்தகையது அன்று. காய்ச்சலின்போது இதயம் ஏற்கெனவே விரைந்து துடிக்கிறது. அவ்வேளையில் கடும் உழைப்பையும் சேர்த்தால் அதன் சுமை மேலும் கூடும். சில வைரசுகள் இதயத் தசையையே தாக்கி அழற்சியை உண்டாக்கும். அந்நிலையில் கடுமையாக உழைப்பது உயிருக்கே ஊறு விளைவிக்கலாம். எப்ஸ்டைன்–பார் வைரசு தொற்றியவர்களில் பலருக்கு மண்ணீரல் வீங்கிவிடும். அப்போது கீழே விழுந்தோ மோதியோ அடிபட்டால் மண்ணீரல் கிழிந்து, வயிற்றுக்குள் குருதி பெருகும் ஆபத்து உண்டு. இதனாலேயே மருத்துவர் ஒப்புதல் தரும்வரை விளையாட்டைத் தவிர்க்க வேண்டும் என்கிறார்கள்.

பொறுத்தவர் பெற்ற வெற்றி

2020ஆம் ஆண்டின் இறுதியில், கேவண்டிஷ் முன்பு இருந்த பெல்ஜிய அணி ஒன்று அவரை மீண்டும் சேர்த்துக்கொண்டது. 2021ஆம் ஆண்டு ஏப்ரலில் துருக்கியில் நடந்த பந்தயத்தில் அவர் நான்கு கட்டங்களை வென்றார். மூன்று ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு வெற்றியும் காணாதிருந்தவருக்கு அது மறுபிறப்பு.

அவ்வாண்டு டூர் பந்தயத்துக்கு அவர் செல்வதாக இல்லை. அணியின் முதன்மை விரைவோட்ட வீரருக்கு முழங்காலில் காயம் ஏற்பட்டதால், கடைசி நேரத்தில் அவ்வாய்ப்பு கேவண்டிஷுக்குக் கிட்டியது. நான்காம் கட்டத்தில் ஃபூழேர் நகரில் முதலாவதாக வந்து கண்கலங்கினார். ஐந்து ஆண்டுகளுக்குப் பின் அவர் பெற்ற முதல் டூர் வெற்றி அது. ஆறாம் கட்டம் சாத்தோரூ நகரில் முடிந்தது. 2008ஆம் ஆண்டு தம் முதல் டூர் வெற்றியைப் பெற்ற அதே ஊரில் அவர் மீண்டும் வென்றார். பத்தாம் கட்டத்தையும் வென்றபின், ஜூலை 9ஆம் நாள் கார்க்கசோன் நகரில் பதின்மூன்றாம் கட்டத்தையும் வென்று மெர்க்சின் 34 வெற்றிகளை எட்டினார். புள்ளிப் பட்டியலில் முதல்வராக வருபவர்க்கு உரிய பச்சைச் சட்டையும் அவருடையதாயிற்று.

இடர்கள் அத்துடன் முடியவில்லை. 2023ஆம் ஆண்டு டூரில் விழுந்து காறை எலும்பு முறிந்தார். மீண்டும் ஓய்வு, மீண்டும் பயிற்சி. 2024ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள், தம் 39ஆம் வயதில், சென்வுல்பா என்னும் ஊரில் முடிந்த கட்டத்தில் 35ஆம் வெற்றியைப் பெற்றுப் புதிய சாதனை படைத்தார். அவ்வாண்டின் இறுதியில் பந்தயங்களிலிருந்து மனநிறைவோடு விடைபெற்றார்.

ஓய்வு மட்டுமே இவ்வெற்றிகளைத் தந்தது என்று கூற இயலாது. மருத்துவர்களின் கவனிப்பு, குடும்பத்தாரின் துணை, இறுதி நொடிவரை முன்னால் ஓட்டி வழியமைத்த அணித் தோழர்களின் உழைப்பு ஆகிய எல்லாம் சேர்ந்தே அவரை மீட்டன. எனினும், நோய் தீர்வதற்கு உரிய காலத்தைக் கொடுக்காமல் இவற்றுள் எதுவும் பயன் தந்திராது.

நமக்குரிய பாடம்

நாம் பந்தய வீரர்கள் அல்லர். ஆயினும் பள்ளிக்கு மிதிவண்டியில் செல்கிறோம், மாலையில் விளையாடுகிறோம். விளையாட்டு விழா நெருங்கும்போது காய்ச்சல் வந்தால், அதனை மறைத்துக்கொண்டு ஓடவும் துணிகிறோம். அவ்வேளையில் பின்வருவனவற்றை நினைவில் கொள்ள வேண்டும்.

காய்ச்சல், உடல்வலி, நெஞ்சில் சளி, வயிற்றுக் கோளாறு ஆகியவை இருக்கும்போது விளையாடுதல் கூடாது. காய்ச்சலின்றி மூக்கு மட்டும் ஒழுகினால் மெதுவாக நடக்கலாம். உடல் சோர்ந்தால் அதையும் நிறுத்திவிட வேண்டும். நலம் பெற்றபின் முதல் நாளே பழைய தொலைவை ஓட்ட முயலாமல், குறைந்த தொலைவில் தொடங்கிச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். நெஞ்சுவலியோ மயக்கமோ மூச்சுத்திணறலோ தோன்றினால் உடனே நிறுத்தி, பெரியவர்களிடம் கூறி மருத்துவரைக் காண வேண்டும்.

'பதறாத காரியம் சிதறாது' என்பது நம் முன்னோர் வாக்கு. நோயுற்ற நாளில் வண்டியைச் சுவரோரம் சாய்த்து வைப்பது தோல்வி ஆகாது. அதுவும் பயிற்சியின் ஒரு பகுதியே.

சொற்பொருள்

வாகையர் – வெற்றி பெற்றவர்
நெறிகட்டுதல் – நோயால் கழுத்து முதலிய இடங்களில் கட்டிபோல் வீங்குதல்
குருதி – இரத்தம்
தந்துகி – மிக நுண்ணிய இரத்தக் குழாய்
அழற்சி – நோயாலோ காயத்தாலோ உறுப்பில் தோன்றும் வீக்கமும் எரிவும்
ஊறு – தீங்கு
காறை எலும்பு – கழுத்துக்குக் கீழே தோளையும் மார்பையும் இணைக்கும் எலும்பு

பயிற்சிகள்

அ. கோடிட்ட இடத்தை நிரப்புக.
1. டூர் டி பிரான்ஸ் பந்தயம் ______ ஆம் ஆண்டு தொடங்கியது.
2. பயிற்சி நின்றால் முதலில் குறைவது குருதியின் ______ பகுதி.
3. கேவண்டிஷ் 35ஆம் கட்ட வெற்றியைப் பெற்றபோது அவருடைய வயது ______.

ஆ. ஓரிரு தொடர்களில் விடை எழுதுக.
1. விரைவோட்ட வீரர் என்பவர் யார்?
2. சாத்தோரூ நகரில் 2021ஆம் ஆண்டு பெற்ற வெற்றி ஏன் சிறப்புடையது?
3. மண்ணீரல் வீங்கியிருக்கும்போது விளையாடுவதால் நேரும் ஆபத்து யாது?

இ. ஐந்து தொடர்களில் விடை எழுதுக.
'ஓய்வினால் நேரும் இழப்பு ஈடுசெய்யக்கூடியது. ஓய்வெடுக்காமையால் நேரும் இழப்பு அத்தகையது அன்று.' பாடத்தின் துணைகொண்டு விளக்குக.

ஈ. மொழிப் பயிற்சி
'பதறாத காரியம்' என்னும் தொடரில் 'பதறாத' என்பது செயல் நிகழாமையை உணர்த்தி, 'காரியம்' என்னும் பெயரைக் கொண்டு முடிகிறது. இவ்வாறு வருவது எதிர்மறைப் பெயரெச்சம் எனப்படும். பின்வருவனவற்றை எடுத்துக்காட்டில் உள்ளவாறு மாற்றி எழுதுக.
எடுத்துக்காட்டு: தீர்ந்த நோய் – தீராத நோய்
1. ஓய்ந்த கால்கள் – ______
2. அறிந்த உண்மை – ______
3. மறந்த பாடம் – ______

உ. செயல்பாடு
1. மணிக்கட்டில் விரல் வைத்து, அமர்ந்திருக்கும்போது ஒரு நிமிடத்தில் நாடி எத்தனை முறை துடிக்கிறது என எண்ணுக. சிறிது தொலைவு நடந்தபின் மீண்டும் எண்ணுக. வேறுபாட்டுக்கான காரணத்தை எழுதுக.
2. காய்ச்சல் கண்டவர்க்கு உங்கள் சொந்த ஊரில் என்ன உணவு கொடுப்பார்கள் என வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டறிந்து, தமிழில் ஐந்து தொடர்கள் எழுதி வருக.