நரம்புக்கு எடுக்கும் மருந்தும் நம் குடலும்

மாரியில் கலா ஓயா பெருகிப் புத்தளம் களப்பில் நன்னீர் கலந்தால் சில மீன்கள் ஒதுங்கும், சில கூடும். இதைக் கற்பிட்டி மீனவருக்கு நாம் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. குடலும் ஒரு களப்புத்தான். அங்கே கோடானுகோடி பக்டீரியாக்கள் வாழ்கின்றன. உண்ணும் உணவும் விழுங்கும் மருந்தும் அவற்றின் அளவை மாற்றுகின்றன.

மல்டிபிள் ஸ்கிளெரோசிஸ் என்பது உடலின் நோயெதிர்ப்புச் சக்தியே மூளையிலும் முண்ணாணிலும் உள்ள நரம்புகளின் உறையைத் தாக்கும் நோய். கண் மங்கும், கால் விறைக்கும், நடை தளம்பும். பெரும்பாலும் 20க்கும் 40க்கும் இடைப்பட்ட வயதில் தொடங்கும். பெண்களுக்கே கூடுதலாக வரும். நமது நாட்டில் இது அரிது. அரிது என்பதாலேயே எழுதுகிறோம்: அயலில் கேட்டறிய இன்னொரு நோயாளி இருப்பதில்லை.

அமெரிக்கா, பிரித்தானியா, ஸ்பெயின், ஆர்ஜென்டினா ஆகிய நாடுகளில் 576 நோயாளரிடம் செய்த ஆய்வொன்று 2022இல் வெளிவந்தது. ஒவ்வொருவரையும் அதே வீட்டில் வாழும், இரத்த உறவில்லாத சுகதேகி ஒருவருடன் ஒப்பிட்டார்கள். ஒரே சட்டிச் சோறு உண்பவர்கள் அல்லவா! கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. நோயாளரின் குடலில் அக்கர்மான்சியா என்ற பக்டீரியா கூடியிருந்தது. நார்ப்பொருளிலிருந்து குடற்சுவருக்கு உணவாகும் அமிலத்தை ஆக்கும் ஃபீக்காலிபக்டீரியம் குறைந்திருந்தது. எடுக்கும் மருந்தைப் பொறுத்தும் வேறுபாடுகள் தெரிந்தன. பீற்றா இன்டர்ஃபெரோன் ஊசியின் பலனில் ஒரு பங்கு, இத்தகைய அமிலங்கள் உடலுக்குள் கடத்தப்படுவதோடு தொடர்புடையதாக இருக்கலாம் என்கிறார்கள். ‘இருக்கலாம்’ என்ற சொல்லைக் கவனியுங்கள்.

டைமீதைல் ஃபியூமரேற் என்ற மருந்தைத் தொடங்கும்போது முதல் ஓரிரு மாதம் வயிற்றுவலி, வயிற்றோட்டம் வருவதுண்டு. பெரும்பாலும் பின்னர் தணியும். இதற்குப் பயந்து மருந்தை நீங்களாக நிறுத்தவேண்டாம். கொழும்புக் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் உழைப்புப் போகும் என்பது உண்மை. ஆனால் நோய் மீண்டும் தாக்கினால், பழுதான நரம்பு முழுதாகத் தேறாமலே போகலாம். பாமசியில் நுண்ணுயிர்கொல்லி வாங்கி விழுங்குவதும் கூடாது. அது நல்ல பக்டீரியாவையும் சேர்த்தே கொல்லும். ‘நல்ல பக்டீரியா’ என்று விற்கும் குளிசைகள் இந்நோயை மாற்றும் என்பதற்கும் போதிய சான்று இல்லை.

தீட்டாத சிவப்பரிசி, பயறு, கௌபி, முருங்கையிலை ஆகியவை குடலுக்கு நல்லவை. மருந்துக்குப் பதிலாகா. வயிற்றோட்டம் கடுமையானால் ஜீவனி கரைத்துக் குடித்து, கிட்டிய வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். எத்தனை நாள், நாளுக்கு எத்தனை தடவை, வேறு என்ன குளிசை எடுத்தீர்கள் என்பதை ஒரு கொப்பியில் குறித்து, அடுத்த கிளினிக்கில் வைத்தியரிடம் காட்டுங்கள்.