வருமான வரி மென்பொருளும் ஆடித் தள்ளுபடியும்

ஆடி மாதம் பிறந்துவிட்டால் நம் ஊர்ப் பக்கத்தில் இரண்டு காட்சிகளைத் தவறாமல் காணலாம். ஒன்று, ஆடிக் கிருத்திகைக்குக் காவடி சுமந்து திருத்தணி மலை நோக்கிச் செல்லும் கூட்டம். மற்றொன்று, ஜவுளிக் கடை வாயில்களில் தொங்கும் ஆடித் தள்ளுபடி விளம்பரம். அண்மைக் காலமாக மூன்றாவதாக ஒன்றும் இவற்றோடு சேர்ந்துகொண்டுள்ளது. 'வருமான வரிக் கணக்கை எங்கள் மென்பொருள் வழியாகத் தாக்கல் செய்யுங்கள், பாதிக் கட்டணம் தள்ளுபடி' என்று கைப்பேசியில் வந்து விழும் செய்தியே அது. மாதச் சம்பளக்காரர்களுக்கு வழக்கமாக விதிக்கப்படும் கடைசி நாள் ஜூலை 31. அது ஆடியின் நடுவில் வருவதால், இதனையும் ஒருவகை ஆடித் தள்ளுபடி என்றே கொள்ளலாம்.

கல்லூரி மாணவர்களுக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். ஆர்.கே.பேட்டையிலிருந்தும் பள்ளிப்பட்டு, பொதட்டூர்பேட்டைப் பக்கங்களிலிருந்தும் படித்து வெளியேறும் நம்மில் பலர் கும்மிடிப்பூண்டி சிப்காட், திருப்பெரும்புதூர், ஒரகடம் ஆகிய இடங்களிலுள்ள தொழிற்சாலைகளுக்குத்தான் வேலைக்குச் செல்கிறோம். வேலையில் சேர்ந்த அடுத்த ஆண்டே 'படிவம் 16' என்ற தாள் கைக்கு வருகிறது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று எந்தப் பாடப்புத்தகமும் நேராகச் சொல்வதில்லை. வணிகவியல் மாணவர்கள் வருமான வரிச் சட்டத்தை இரண்டு பருவங்கள் படித்திருந்தாலும், கணினியின் முன் உட்கார்ந்தால் கை தயங்குகிறது. தயங்குகின்றவனைத் தேடித்தான் தள்ளுபடி வருகிறது.

முதலில் இம்மென்பொருள் செய்யும் வேலை யாது என்று பார்ப்போம். படிவம் 16-இல் உள்ள சம்பளம், கழிவுகள், ஏற்கெனவே பிடித்த வரி ஆகியவற்றை வாங்கிக்கொண்டு, செலுத்த வேண்டிய வரியைக் கணக்கிட்டு, அதை அரசு கேட்கும் படிவத்தில் நிரப்பி அனுப்புகிறது. அவ்வளவே. இதே வேலையை வருமான வரித் துறையின் சொந்த இணையதளம் கட்டணமின்றிச் செய்து தருகிறது. மின்வழித் தாக்கல் 2006-ஆம் ஆண்டிலேயே நிறுவனங்களுக்குக் கட்டாயமாக்கப்பட்டது. இப்போதுள்ள தளம் 2021 ஜூன் 7 அன்று திறக்கப்பட்டது. பான் எண்ணைக் கொண்டு உள்ளே சென்றால், சம்பளமும் வங்கி வட்டியும் பிடித்த வரியும் பெரும்பாலும் முன்னரே நிரப்பப்பட்டிருக்கும். இணைய இணைப்பு விட்டுவிட்டு வரும் கிராமங்களில் இருப்போர், துறை தரும் மென்பொருளை ஒருமுறை இறக்கிக்கொண்டு, வீட்டில் நிதானமாக நிரப்பி, பின்னர் ஏற்றிவிடலாம். அதற்கும் காசு இல்லை.

இனித் தள்ளுபடிக் கணக்குக்கு வருவோம். ஓர் எடுத்துக்காட்டுக்காக, தனியார் தளம் ஒன்றின் கட்டணம் 1,200 ரூபாய் என்றும் அதில் பாதி தள்ளுபடி என்றும் வைத்துக்கொள்வோம். 600 ரூபாய்க்கு 18 விழுக்காடு ஜி.எஸ்.டி. 108 ரூபாய். ஆக 708 ரூபாய். ஜவுளிக் கடையில் பாதி விலைக்குச் சேலை வாங்கினால் கையில் சேலையாவது இருக்கும். இங்கோ, இலவசமாகக் கிடைப்பதற்கு 708 ரூபாய் கொடுத்துவிட்டு 492 ரூபாய் மிச்சப்படுத்தியதாக எண்ணி மகிழ்கிறோம்.

அப்படியானால் பணம் கொடுத்து வாங்கும் மென்பொருள் யாருக்குமே தேவையில்லையா? அவ்வாறு சொல்லிவிட முடியாது. ஐம்பது இலட்சத்துக்கு உட்பட்ட வருமானம், சம்பளம், ஒரு வீடு, வங்கி வட்டி, இவ்வளவுதான் என்றால் 'சஹஜ்' எனப்படும் முதலாம் எண் படிவம் போதும். அதற்கு வெளிமென்பொருள் வேண்டியதில்லை என்பது என் துணிபு. ஆனால் ஆண்டு முழுவதும் பங்குகளை வாங்கி விற்றவர், நிலம் விற்றவர், வெளிநாட்டு நிறுவனத்தின் பங்குகளைச் சம்பளத்தின் பகுதியாகப் பெற்றவர் ஆகியோருக்கு நூற்றுக்கணக்கான வரவு செலவுகளைத் தொகுத்துத் தரும் மென்பொருளோ, நேரில் கணக்குப் பார்க்கும் தணிக்கையாளரோ பயன்படுவர். அத்தகையோர் தள்ளுபடி கேட்பது நியாயமே. பணிபுரியும் நிறுவனமோ கணக்கு வைத்துள்ள வங்கியோ இவ்வசதியை ஏற்கெனவே வாங்கி வைத்துள்ளதா என்று முதலில் விசாரிக்க வேண்டும். கடைசி வார நெருக்கடிக்குக் காத்திராமல் படிவம் 16 கிடைத்த ஜூன் மாதத்திலேயே விலைகளை ஒப்பிட வேண்டும். விளம்பரத்தில் காணும் விலை எந்த வகை வருமானத்துக்கு உரியது என்று பார்ப்பது மிக முக்கியம். சம்பளத்துக்கு மட்டுமான விலையைக் காட்டி, எல்லா விவரங்களையும் நாம் நிரப்பி முடித்தபின், பங்கு விற்பனை இருப்பதால் மேல்நிலைத் திட்டத்துக்கு மாற வேண்டும் என்று சொல்வதுண்டு. அரை மணி நேரம் தட்டச்சு செய்தவன் எழுந்து போகமாட்டான் என்பது விற்பவருக்குத் தெரியும். பின்னாளில் துறையிடமிருந்து அறிவிப்பு வந்தால் பதில் எழுத உதவுவார்களா, அதற்குத் தனிக் கட்டணமா என்பதையும் முன்னரே கேட்டு வைத்தல் நலம்.

இலவசம் என்ற சொல்லைச் சுற்றி நடக்கும் இந்த வாணிகத்துக்கு அமெரிக்கா நல்ல பாடம். அங்கு 2002-இல் அரசுக்கும் மென்பொருள் நிறுவனங்களுக்கும் ஓர் உடன்பாடு ஏற்பட்டது. குறைந்த வருமானம் உடையோருக்கு நிறுவனங்கள் இலவசமாகக் கணக்குத் தயாரித்துத் தரும். அதற்கு ஈடாக அரசு தானே அத்தகைய மென்பொருளைச் செய்யாது. நடந்ததோ வேறு. 'டர்போடாக்ஸ்' என்ற மென்பொருளை விற்கும் இன்ட்யூட் நிறுவனம், இலவசத்துக்குத் தகுதியுள்ளவர்களையும் கட்டணப் பக்கத்துக்குத் திருப்பியது என்ற குற்றச்சாட்டின் பேரில், 2022-இல் ஐம்பது மாநிலங்களுடன் செய்துகொண்ட சமரசத்தில் 14 கோடியே 10 இலட்சம் டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. அரசே நேரடியாக நடத்தும் இலவசத் தளம் 2024-இல் 12 மாநிலங்களில் சோதனையாகத் தொடங்கி, 2025-இல் 25 மாநிலங்களுக்கு விரிந்து, அத்துடன் நிறுத்தப்பட்டுவிட்டது. செல்வ நாடான அமெரிக்காவின் குடிமகனுக்கு இன்று இல்லாத ஒரு வசதி ஆர்.கே.பேட்டையில் இருக்கும் நமக்கு இருக்கிறது. நாம்தான் அதைத் தாண்டிப் போய்க் கடையில் நிற்கிறோம்.

கட்டணத்தைக் காட்டிலும் பெரிய இழப்பு வேறு இடங்களில் இருக்கிறது. என் பெரியப்பா மகன் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கிறார். 2024-25 நிதியாண்டில் அவருடைய சம்பளம் 5,90,000 ரூபாய். புதிய வரி முறையில் நிலைக்கழிவு 75,000 போக 5,15,000. மூன்று இலட்சத்துக்கு மேற்பட்ட 2,15,000-க்கு 5 விழுக்காடு வரி 10,750. ஆனால் ஏழு இலட்சம் வரை வருமானம் உள்ளவர்களுக்கு 87ஏ பிரிவின் கீழ் அவ்வாண்டு முழுத் தள்ளுபடி இருந்தமையால் வரி ஏதுமில்லை. "வரியே இல்லை, பிறகு எதற்குக் கணக்கு?" என்று அண்ணன் இருந்துவிட்டார். தள்ளுபடிக்கு முந்திய வருமானம் வரம்பைத் தாண்டினாலே கணக்குத் தாக்கல் செய்தாக வேண்டும் என்பது அவருக்குத் தெரியவில்லை. அவ்வாண்டுக்குரிய கடைசி நாள் 2025 செப்டம்பர் 16 வரை நீட்டிக்கப்பட்டிருந்தும் தவறவிட்டு, நவம்பரில்தான் தாக்கல் செய்தார். வருமானம் ஐந்து இலட்சத்துக்கு மேல் என்பதால் தாமதக் கட்டணம் 5,000 ரூபாய். ஐந்து இலட்சத்துக்குள் இருந்திருந்தால் 1,000 ரூபாயோடு போயிருக்கும். ஒரு ரூபாய்கூட வரி இல்லாதவர் 5,000 கட்டினார். அதைத் தட்டச்சு செய்து கொடுத்தவருக்கு 800 ரூபாய் தனி. எந்தத் தள்ளுபடிச் சீட்டும் இதைக் குறைத்திருக்காது. ஜூலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒதுக்கியிருந்தால் குறைந்திருக்கும்.

நம் பகுதியின் விசைத்தறிக்காரர்கள் நிலை இதற்கு நேர்மாறானது. பெரிய வியாபாரியிடம் நூல் வாங்கிக் கூலிக்கு நெய்து கொடுப்பவருக்குப் பணம் தரும்போது, 194சி பிரிவின்படி 1 விழுக்காடு பிடித்தம் செய்யப்படுவதுண்டு. ஆண்டுக்கு 4,80,000 ரூபாய் கூலி என்றால் 4,800 ரூபாய் அரசிடம் போய்ச் சேர்ந்திருக்கும். தறி, மின்சாரம், ஆள் கூலி போக வரி விதிக்கும் அளவுக்கு மிச்சம் இராது. ஆகவே அப்பணம் அவருடையதே. ஆனால் கணக்குத் தாக்கல் செய்தால்தான் திரும்பி வரும். இத்தகைய சிறு தொழிலுக்கு 'சுகம்' எனப்படும் நான்காம் எண் படிவம் இருக்கிறது. வங்கி வழி வரவில் 6 விழுக்காடும், ரொக்க வரவில் 8 விழுக்காடும், அல்லது உண்மையில் கிடைத்தது அதைவிட அதிகமானால் அத்தொகையும் இலாபமாகக் காட்டினால் போதும். விரிவான பேரேடு வேண்டுவதில்லை. இதுவும் அரசுத் தளத்தில் இலவசமே. பிடித்தம் நடந்ததா என்பதை 26ஏஎஸ் என்ற அறிக்கையில் பார்க்கலாம். தன் பெயரில் அப்படி ஓர் அறிக்கை இருப்பதே நம் தெருக்களில் பலருக்குத் தெரியாது. வணிகவியல் துறை மாணவர்கள் ஆளுக்கு இரண்டு தறிக்காரர்களுக்கு இதைப் பார்த்துச் சொன்னால் எத்தனை ஆயிரம் ரூபாய் ஊருக்குத் திரும்பும் என்று சில சமயம் எண்ணிப் பார்ப்பதுண்டு.

இந்த இடத்தில்தான் ஓர் ஆபத்தும் நுழைகிறது. "கட்டணமே வேண்டாம், திரும்பி வரும் பணத்தில் ஒரு பங்கு கொடுத்தால் போதும்" என்று சொல்லும் இடைத்தரகர்கள் இருக்கிறார்கள். கேட்பதற்கு மிக மலிவான ஏற்பாடு இதுவே. ஆனால் பங்கு பெறுபவருக்குத் தொகை பெருகப் பெருக இலாபம். ஆகவே கொடுக்காத வீட்டு வாடகை, கட்டாத மருத்துவக் காப்பீடு, அரசியல் கட்சிக்கு வழங்காத நன்கொடை எல்லாம் கணக்கில் ஏறிவிடுகின்றன. 2025 ஜூலையில் வருமான வரித் துறை நாடெங்கும் 150 இடங்களில் இத்தகைய மோசடிகளைக் குறித்துச் சோதனை நடத்தியது. போலிக் கழிவுகள் கண்டறியப்பட்ட மாநிலங்களுள் தமிழ்நாடும் ஒன்று. அதற்கு முந்திய நான்கு மாதங்களில் ஏறத்தாழ 40,000 பேர் 1,045 கோடி ரூபாய் அளவிலான பொய்க் கோரிக்கைகளைத் தாமாகவே திரும்பப் பெற்றதாகவும் துறை அறிவித்தது. ஏமாந்தவர்களுள் கல்வித் துறையினரும் இருந்தனர் என்பதை நம் பேராசிரியர்களுக்குப் பணிவுடன் சொல்லி வைக்கிறேன். தரகர்கள் தற்காலிக மின்னஞ்சல் முகவரிகளை உருவாக்கிக் கணக்குகளை மொத்தமாகத் தாக்கல் செய்துவிட்டு, பின்னர் அவற்றைக் கைவிட்டுவிடுகிறார்கள். துறை அனுப்பும் அறிவிப்புகள் திறப்பாரின்றிக் கிடக்கின்றன. வருமானத்தைத் தவறாகக் காட்டியதாக முடிவானால் அதனால் குறைந்த வரியைப் போல் இருமடங்கு அபராதம் விதிக்கச் சட்டம் இடம் தருகிறது. அதைக் கட்ட வேண்டியவர் கணக்குக்கு உரியவரே. தரகர் அல்லர், மென்பொருளும் அன்று.

ஆதலால் யாரிடம் கொடுத்தாலும் கைப்பேசி எண், மின்னஞ்சல், வங்கிக் கணக்கு மூன்றும் நம்முடையவையாக இருத்தல் வேண்டும். கடவுச்சொல்லைக் கொடுக்க வேண்டிய தேவையே இல்லை. துறையிடம் பதிவு பெற்ற இடைநிலையாளர்களை நம் கணக்கிலிருந்தே ஒருமுறைக் கடவெண் மூலம் சேர்த்துக்கொள்ளவும், வேண்டாதபோது நீக்கவும் வழி இருக்கிறது.

பழைய முறையா புதிய முறையா என்ற கேள்வியை இங்கு விரிக்கவில்லை. 2024 ஜூலை 31 வரை தாக்கலான 7 கோடியே 28 இலட்சம் கணக்குகளில் 5 கோடியே 27 இலட்சம் புதிய முறையில் வந்தவை. 2025-26 நிதியாண்டுக்குப் புதிய முறையில் பன்னிரண்டு இலட்சம் வரை வரியில்லை என்பதால், வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு யோசிக்கவே இடமில்லை. வீட்டுக் கடன் வட்டியும் வாடகைப் படியும் உள்ள ஆசிரியர்கள் இரண்டையும் போட்டுப் பார்க்க வேண்டும். அவ்வொப்பீட்டையும் அரசுத் தளமே காட்டுகிறது. கடைசி நாளுக்குப் பின் தாக்கல் செய்தால் பழைய முறையைத் தேர்ந்தெடுக்க இயலாது என்பது மட்டும் நினைவில் இருக்கட்டும். மேலும், 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரியது. அந்நாளிலிருந்து ஈட்டும் வருமானத்துக்குப் பிரிவு எண்கள் மாறும். நிதியாண்டு, மதிப்பீட்டாண்டு என்ற இரட்டைப் பெயரும் போய் 'வரி ஆண்டு' என்ற ஒரே பெயர் வரும். இக்கட்டுரையில் கண்ட எண்கள் பழைய சட்டத்தைச் சேர்ந்தவை.

கணக்கை அனுப்பியவுடன் வேலை முடிந்துவிட்டதாகப் பலர் எண்ணிவிடுகின்றனர். அனுப்பிய முப்பது நாட்களுக்குள் அதைச் சரிபார்த்து உறுதி செய்தாக வேண்டும். ஆதாருடன் இணைந்த கைப்பேசிக்கு வரும் எண்ணைக் கொடுத்தால் ஒரு நிமிடத்தில் முடியும். கைப்பேசி எண் இணைக்கப்படாதவர்கள் ஒப்புகைத் தாளை அச்சிட்டு, மையால் கையொப்பமிட்டுப் பெங்களூரிலுள்ள மையத்துக்கு அஞ்சலில் அனுப்பலாம். அண்ணனுக்கு இந்த ஆண்டு நானே பக்கத்தில் உட்கார்ந்து செய்வதாக ஒப்புக்கொண்டிருக்கிறேன். கட்டணம், திருத்தணிப் படிக்கட்டு அடிவாரத்தில் ஒரு சிற்றுண்டி.